கால் டாலர் என்று சொன்ன அரை டாலர்

இனிமேல் செத்தாலும் லெட்டியிடம் பொய் சொல்வதில்லை என்று ஹார்வி ஹெக்மன் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு அந்த நாணயம் அவர் கண்ணில் பட்டது. ஒரு சபதத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயுசு என்பது குறைச்சல் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் இதைவிடச் சீக்கிரம் மண்டையைப் போட்ட சபதங்கள் உண்டு.

சபதம் வரக் காரணம் ஒரு கால்சட்டை. அந்த வாரம் திங்கட்கிழமை லெட்டி துணி துவைத்தபோது அதன் பையிலிருந்து ஒரு ரசீது வந்தது. ஐம்பது காசுக்கு வாங்கினேன் என்று ஹார்வி அடித்துச் சொல்லியிருந்த ஒரு செப்பு நாணயம், அந்த ரசீதில் பதினெட்டு டாலராக இருந்தது. லெட்டி கத்தவில்லை. கத்துகிறவளாக இருந்தால் ஹார்வி எப்போதோ பிழைத்துப் போயிருப்பார். அவள் அந்த ஈர ரசீதை ஒழுங்காகப் பிரித்து, இரண்டு கிளிப் போட்டு, அவருடைய சட்டைகளுக்கு நடுவில் கொடியில் காயப்போட்டாள். தெருவே வந்து படித்துவிட்டுப் போனது.

நாலு நாள் ஹார்வி தலை நிமிரவில்லை. அறுபத்தொரு வயசு. அடுப்பு வார்க்கிற பவுண்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கௌரவமான மனுஷன். சனிக்கிழமை காலை, முட்டையும் வறுத்த கறியும் சாப்பிட்டு முடித்த கையோடு, குடும்ப பைபிளின் மேல் கையை வைத்தார்.

"நாணய விஷயத்துல இனிமே உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன், லெட்டி."

"நாணய விஷயத்துல மட்டும்தானா?"

"எல்லா விஷயத்துலயும்."

லெட்டி அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து டிக்கெட் பணத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். பக்கத்து நகரமான ரெடிங்கின் ரயில் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்கி வரச் சொன்னாள். அவ்வளவு நம்பிக்கை.

அது சாதாரணப் பணம் இல்லை. லெட்டியின் அக்கா ஈடித் இருப்பது நாட்டின் அந்தக் கோடியில், ஆரிகனில். இருவரும் பார்த்துப் பதினொரு வருஷம் ஆகிறது. ஆகஸ்ட் மாதம் ஈடித்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது, வேறு யாரோ கையெழுத்தில். இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வருகிறது, வசந்தத்துக்குள் முழுசாக இருட்டிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, உன் மூஞ்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளணும் என்று எழுதச் சொல்லியிருந்தாள். லெட்டி அதைத் தொட்டியடியில் நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் ஊறுகாயும் ஆப்பிள் பை என்கிற பலகாரமும் விற்று, ஒரு ஆள் போய் வருகிற டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்தாள். அக்டோபர் இருபதாம் தேதி கிளம்புவதாக அக்காவுக்கு எழுதியும் விட்டாள்.

இதெல்லாம் ஹார்விக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் காரை எடுத்தார்.

ரெடிங் போகிற வழியில், செத்துப்போன ஒரு பல் டாக்டரின் வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன. சாமான்கள் ஏலம். ஹார்வியின் கார் தானாகவே அங்கே திரும்பியது. பின்னாளில் அவர் அப்படித்தான் சொன்னார், நாமும் நம்புவோம். உள்ளே பக்கத்து வீட்டு கிளேட்டன் மோயர் ஒரு புல்வெட்டும் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஹார்வி ஒரு மேஜையருகே போனார். பொத்தான்கள், பல் இடுக்கிகள், பழைய மூக்குக்கண்ணாடிகள். அவற்றுக்கு நடுவே ஒரு காகித உறைக்குள் மெல்லிய தாளில் சுற்றி, அது.

அரை டாலர். 1870. பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஆனால் கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. வெள்ளி இல்லை. அலுமினியம்.

நாணயம் அடிக்கிறவர்கள் புது வடிவம் ஒன்றை யோசித்தால் முதலில் மாதிரிக்குச் சிலது அடித்துப் பார்ப்பார்கள். வெள்ளியில் அடிக்க வேண்டியதைச் செம்பிலும் அடிப்பார்கள், அலுமினியத்திலும் அடிப்பார்கள். அந்தக் காலத்தில் அலுமினியம் என்றால் ஏதோ அதிசயம். பெரியவர்கள் பார்த்து, "வேண்டாம்" என்று சொன்னால் அதோடு சரி. கடைக்குப் போகாது, கை மாறாது, ஒரு ரொட்டிகூட வாங்காது. அந்த மாதிரி நாலைந்து எங்கேயாவது இருந்தால் உண்டு. ஹார்வி இருபது வருஷமாகப் புத்தகத்தில் படம் பார்த்து ஏங்கியதில் ஒன்று இது.

மூச்சை அடக்கிக்கொண்டு கைக்குட்டையால் பிடித்துப் பார்த்தார். ஏலம் கேட்டார். இன்னொருத்தனும் கேட்டான். ஹார்வி விடவில்லை. முடிவில் கோட்டுப் பையில் அந்தப் பெண் இருந்தாள், ஈடித்தைப் பார்க்கப் போகிற டிக்கெட் பணம் இல்லை.

பயந்துதான் போனார். ஆனால் காரில் ஏறியதும் ஒரு யோசனை வந்தது. யோசனை வராமல் பயத்தோடு நின்றிருந்தால் நல்ல மனுஷனாகவே வீடு போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டு வாரத்தில் ரெடிங்கில் நாணயக் கண்காட்சி. பிலடெல்ஃபியாவிலிருந்து ஸ்டர்ஜிஸ் என்கிற பெரிய வியாபாரி வருவான். அவனிடம் இரண்டு மடங்குக்கு விற்பது. டிக்கெட்டும் ஆச்சு, மிச்சத்துக்கு இன்னொரு நாணயமும் ஆச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எறிகிறவன் யார் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

வீட்டில் லெட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். டிக்கெட் எங்கே என்று கேட்டாள். மேற்கே போகிற ரயிலுக்கு இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் டிக்கெட் தருவார்களாம் என்று ஹார்வி சொன்னார். காரில் ஒன்பது தடவை சொல்லிப் பழகியிருந்ததால் தடங்கலில்லாமல் வந்தது. அப்படியா என்றாள் லெட்டி. பிறகு மாவுக் கையோடு திரும்பினாள்.

"அது என்ன?"

"எது?"

"மார்வலி வந்தவன் மாதிரி கோட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிக்கிறியே, அது."

"ஒண்ணுமில்லை. போற வழியில ஒரு ஏலம். அலுமினியத் துண்டு. கால் டாலர்தான்."

"நாணயமா?"

"நாணயம்னு சொல்ல முடியாது. மாதிரி."

"நாணயம் மாதிரியா?"

"மாதிரி நாணயம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

கேட்டிருக்கக் கூடாது. ஹார்வி பொய்யை மறந்தார், டிக்கெட்டை மறந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாதிரி நாணயம் என்றால் என்ன என்று அரை மணி நேரம் சொன்னார். பவுண்டரியில் அவருக்கு வேலையே மாதிரி செய்வதுதான். அடுப்புக் கதவு, கால், பூப்போட்ட மூடி எல்லாவற்றுக்கும் முதலில் மரத்தில் ஒன்று செதுக்குவார். அதை மணலில் பதித்துத்தான் இரும்பு வார்ப்பார்கள். முதலாளி வேண்டாம் என்று தள்ளிய மாதிரிகளைக் கொதிகலனில் போட்டு எரித்துவிடுவார்கள். ஒரு தடவை திராட்சைக் கொடி சுற்றிய ஒரு கதவை மூன்று மாதம் செதுக்கினார். இரும்பு அதிகம் பிடிக்கும் என்று தள்ளிவிட்டார்கள். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

"நல்லா இருக்கு, ஆனா வேண்டாம்னு சொல்லி விட்டுட்டாங்க பாரு, அதுமேல எனக்கு ஒரு இது" என்றார் ஹார்வி. "யாராவது ஒருத்தன் எடுத்து வெச்சுக்கணும் இல்லையா."

லெட்டி மாவை உருட்டினாள். அந்தக் கதவு அவளுக்கும் ஞாபகம் இருந்தது.

"உன்னைப் படைச்சப்பவும் இப்படித்தான் நடந்திருக்கும்" என்றாள் கடைசியில். "மாதிரிக்குக் கடவுள் ஒண்ணு அடிச்சுப் பாத்திருப்பாரு. ஒண்ணே போதும்டா சாமின்னு அச்சை உடைச்சுப் போட்டுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஹார்வியும் சிரித்தார். சிரிக்கும்போதே உள்ளே ஏதோ சுருக்கென்று குத்தியது.

அலுமினியத்துக்கு மூன்று ஆகாது. விரல் ஆகாது, மூச்சு ஆகாது, ஈரம் ஆகாது. ஒரு புள்ளி விழுந்தால் போச்சு. அதனால் ஹார்வி அதைத் தாளோடு உறைக்குள் போட்டு, வாயை லேசாகப் பசை வைத்து ஒட்டி, நிலவறையில் தன் பட்டறை மேஜைக்கு அடியில் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். பிறகு ஒரு நாள்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? தினம் காலையில் இறங்கிப் போவார். உறையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே வட்டமாகத் தட்டுப்படும், இலை போலக் கனமில்லாமல் இருக்கும். கனமில்லை என்றால் அலுமினியம், அலுமினியம் என்றால் அவள்தான். திருப்தியாக மேலே வருவார். நாணய சங்கத்தில் பெரிய பெரிய தலைகள் எல்லாம் இப்படித்தான் செய்யும்.

மேலே வந்தால்தான் சங்கடம். லெட்டி அதற்கப்புறம் டிக்கெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். மாறாக, அவருக்குப் பிடித்த கோழிக் குழம்பில் மாவுத் துண்டு போட்டுச் செய்தாள். கண்காட்சிக்குப் போட்டுக்கொள்ள அவருடைய கோட்டை இஸ்திரி போட்டாள். புதன்கிழமை ஈடித்துக்கு ஒரு கடிதம் எழுதி, உறையை ஒட்டாமல் கொடுத்து, போகிற வழியில் தபாலில் போடச் சொன்னாள். ஒட்டாத உறையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் இருக்க ஹார்வி ஒன்றும் முனிவர் இல்லை. "டிக்கெட் பொறுப்பை ஹார்வி எடுத்துக்கிட்டார். அவர் நல்லவர், அதனால எனக்குக் கவலை இல்லை" என்று இருந்தது.

தபால் பெட்டி பக்கத்திலேயே அவர் ரொம்ப நேரம் நின்றார். அந்த வழியாக வந்த கிளேட்டன், பெட்டியில் கை ஏதும் மாட்டிக்கொண்டதா என்று கேட்டார்.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொல்லவில்லை. சனிக்கிழமை தாண்டட்டும், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். தப்பு செய்கிறவனுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று எப்போதும் தள்ளியே இருக்கிறது.

அடுத்த வாரம் புதன்கிழமை லெட்டி பிலடெல்ஃபியாவுக்குக் கிளம்பினாள், பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று. நீலத் தொப்பி வைத்துக்கொண்டாள். கைப்பையோடு ஒரு ஜாடி காய்கறி ஊறுகாயும் எடுத்துக்கொண்டாள். பல் பிடுங்குகிறவருக்கு ஊறுகாய் எதற்கு என்று ஹார்விக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் சாயங்காலம் எல்லாப் பல்லோடும் திரும்பி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. மறுநாள் வழக்கமான ஆப்பிள் பை இல்லை. பை சுடுகிற அலுமினியத் தட்டு ஓட்டையாகிவிட்டது என்று லெட்டி சொன்னாள். ஹார்வி தலையாட்டினார். அவர் காலையில்தான் உறையைத் தூக்கிப் பார்த்திருந்தார். கனமில்லை. பத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை கிளேட்டன் காரில் இருவரும் ரெடிங் போனார்கள். ஹோட்டலின் பெரிய கூடத்தில் முப்பது மேஜை, எல்லாவற்றிலும் கண்ணாடிப் பெட்டிகள், குனிந்த முதுகுகள். ஸ்டர்ஜிஸ் நடு மேஜையில் இருந்தான். விரல்களில் பருத்தி உறை, வாயில் அணைந்த சுருட்டு. ஹார்வியைக் கண்டதும், ஒரு சமாசாரம் காட்டுகிறேன் என்று பக்கத்தில் கூப்பிட்டு, வெல்வெட் துணி விரித்த தட்டு ஒன்றை முன்னால் தள்ளினான்.

அரை டாலர். 1870. பாறை மேல் உட்கார்ந்த பெண். அலுமினியம்.

ஹார்வி தட்டின் மேல் குனிந்தார். இந்தப் பக்கத்திலேயே தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இரண்டு வாரமாகத் தூங்கி எழுந்த மனுஷன். ஒன்று இரண்டானால் விலை பாதியாகுமே, டிக்கெட் என்னாவது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டார்.

"இதுக்குத் தங்கச்சி ஒருத்தி என்கிட்ட இருக்கா."

ஸ்டர்ஜிஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஹார்வி உறையை எடுத்து, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். பிடித்துக்கொண்டார்கள். பேனாக்கத்தியால் உறையின் வாயைத் திறந்து, தாளை வெல்வெட்டின் மேல் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார்.

வட்டமாகத்தான் இருந்தது. அலுமினியமாகத்தான் இருந்தது. பாறை மேல் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஆணியால் கீறிய பெண். அவள் கையில் பூரிக்கட்டை இருந்தது. கீழே 1958 என்று வருஷம் போட்டிருந்தது.

பிடித்த மூச்சை விடவேண்டும் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. கிளேட்டன்தான் அதை வெறும் விரலால் எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் இருந்த எழுத்தை, கூடம் முழுக்கக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"சாப்பாடு ஆறு மணிக்கு."

பிறகு சிரித்த சிரிப்பில் மூன்று மேஜைகளின் கண்ணாடி அதிர்ந்தது. ஹார்வி சிரிக்கவில்லை. வெல்வெட்டில் இருந்த உண்மையான பெண்ணையும் ஆணியால் கீறிய பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நாணயம் கிடையாது, ஒன்றுதான் என்பது அப்போதுதான் மெதுவாக அவர் மண்டைக்குள் இறங்கியது.

"இது உனக்கு யார் கொடுத்தது?" என்று ஸ்டர்ஜிஸிடம் கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

புதன்கிழமை கடைக்கு ஒரு அம்மா வந்தது என்றான் ஸ்டர்ஜிஸ். குட்டையாக, நீலத் தொப்பி வைத்துக்கொண்டு. முதலில் ஊறுகாய் ஜாடியை மேஜை மேல் வைத்ததாம். பிறகு நாணயத்தை வைத்ததாம். "நான் ஒரு விலை சொன்னேன். 'தம்பி, கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷமா நான் பொய் விலைதான் கேட்டுக்கிட்டு வர்றேன். காது பழகிடுச்சு. நிஜ விலை வர்றவரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன்'னு சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுடுச்சு. மூணு மணி நேரம். நடுவுல வந்த வாடிக்கைக்காரன் ரெண்டு பேருக்கு ஊறுகாய் வேற கொடுத்துச்சு." அவன் பெருமூச்சு விட்டான். "நான் வாழ்க்கையில அவ்வளவு கொடுத்து எதையும் வாங்கினது இல்லை, ஹார்வி. யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் ஹார்வி.

திரும்பி வரும்போது கிளேட்டன் பத்து மைல் சிரித்தார். பிறகு ஹார்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஏல விஷயத்தை லெட்டியிடம் தான் ஏதும் சொல்லவில்லை என்றார். கொஞ்ச தூரம் போனதும், ஒருவேளை சொல்லியிருக்கலாம் என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், எவ்வளவுக்குப் போனது என்பதை மட்டும்தான் சொன்னேன் என்றார். ஹார்விக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. லெட்டிமேலும் வரவில்லை. அவர் கால் டாலர் என்று சொன்ன பொருள் அது. கால் டாலர் பொருளைக் காணோம் என்று எந்த வாயால் கேட்பது? அதுகூடப் பெரிசில்லை. அவள் எல்லாம் தெரிந்துகொண்டே கோழிக் குழம்பு வைத்திருக்கிறாள். தெரிந்துகொண்டே, ஹார்வி நல்லவர் என்று எழுதியிருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் ஒரு பெட்டி இருந்தது. லெட்டியின் பெட்டி. தோல் வார் இறுக்கிக் கட்டி, கைப்பிடியில் பெயரெழுதிய சீட்டோடு. ஒரே ஒரு பெட்டி. கிளம்பும் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஹார்வி தொப்பியைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்காவைப் பார்க்கப் போகிறவள் திரும்பி வருவாளா என்கிற சந்தேகம் அவருக்கு அந்த நிமிஷம்தான் முதல்முதலாக வந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் வராத சந்தேகம்.

சமையலறையில் மேஜை மேல் சாப்பாடு ஆவி பறந்தது. மணி ஆறு.

"போன காரியம் என்னாச்சு?" என்றாள் லெட்டி.

ஹார்வி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டேஷனுக்கே போகவில்லை என்றார். டிக்கெட் பணம் முழுவதையும் கொடுத்து வாங்கினேன் என்றார். இரண்டு வாரம் கழித்துத்தான் டிக்கெட் தருவார்கள் என்றது பொய், கால் டாலர் என்றது பொய். கடிதத்தைப் படித்ததையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கண்ணீர் மூக்கு வழியாக இறங்கித் தொப்பிக்குள் விழுந்தது.

"உன் அக்கா கண்ணை வித்து நான் ஒரு பொம்மையை வாங்கிட்டேன், லெட்டி. நீ என்ன சொன்னாலும் தகும்."

லெட்டி எழுந்து வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஸ்டேஷனுக்கு நான் திங்கட்கிழமையே போன் பண்ணிட்டேன். எப்ப வந்தாலும் டிக்கெட் உண்டும்மான்னு அந்த ஆள் சொன்னான்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பே. நீயா சொல்லுவியான்னு பன்னண்டு நாள் பாத்தேன். நாணயத்துக்கு உன்கிட்ட குறைச்சல் இல்லை, ஹார்வி. பெட்டி பெட்டியா இருக்கு. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அது வாயில இருக்கணும்."

லெட்டி மேஜைத் துணியை நீவிவிட்டாள்.

"அந்தப் பொம்பளை அழகாத்தான் இருந்தா" என்றாள். "கொடுக்கறப்போ எனக்கே மனசு வரலை. நீ செதுக்கின அந்தக் கதவு ஞாபகம் வந்துச்சு. ஆனா ஈடித்தோட கண்ணு நமக்காகக் காத்துக்கிட்டிருக்காதே."

ஏப்ரன் பையிலிருந்து ரயில்வே உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஹார்வி பிரித்தார். ஆரிகன் போக, திரும்பி வர. இரண்டு டிக்கெட். ஒன்றில் லெட்டி ஹெக்மன். இன்னொன்றில் ஹார்வி ஹெக்மன். அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயரைத் தடவிப் பார்த்தார்.

"எனக்குமா?"

"கூடத்துல இருக்கறது என் பெட்டி. உன்னோட சட்டையெல்லாம் மெத்தை மேல இருக்கு, நீதான் எடுத்து வைக்கணும். போன தடவை நான் அடுக்கினதுக்கு ஒரு வாரம் குறை சொன்னே."

ஹார்விக்கு அழுகை மறுபடியும் பொங்கியது, இந்தத் தடவை வேறு அழுகை. இவ்வளவு செய்தவனை, விலைக்கு மேல் விலை பேசி, மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, தன்கூட அழைத்துக்கொண்டு போகிறாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போக உனக்கு மனசு வரலை, இல்லையா லெட்டி?"

லெட்டி ஏப்ரன் நுனியால் அவர் கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"எப்படி வரும், ராசா? நான் திரும்பி வர்றப்போ வீடு இருக்கணுமே."